பித்தப்பை ஆபரேஷன், 68,500 ரூபாய், கைக்கு வராத கேஸ் ஷீட்: தர்மபுரி பக்கத்து ஆளுங்க படிச்சிடுங்க

கோபத்துலதான் எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. போனது 68,500 ரூபாய். இடம் தர்மபுரி டவுன்ல ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. மாடியில தியேட்டர், கீழே அவங்களோட மருந்துக்கடை, அந்த மாதிரி ஒண்ணு. பேர் போடல.

நோயாளி எங்க சின்னம்மா, பாலக்கோடு பக்கம். பித்தப்பையில கல், லேப்ராஸ்கோப் ஆபரேஷன், மூணு நாள் படுக்கை. அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனி லிஸ்ட்ல இல்லை, அதனால கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) கிடையாது, நாம கட்டிட்டு அப்புறம் கம்பெனிகிட்ட கேட்டு வாங்கணும். சேலம் போயிடலாமான்னு தயங்கி நின்னப்போ கவுன்ட்டர்ல இருந்தவர் சொன்னது அப்படியே காதுல இருக்கு: "எதுக்குங்க அலையறீங்க? பணத்தைக் கட்டிடுங்க, பேப்பர் எல்லாம் நாங்க பக்காவா போட்டுத் தர்றோம். மூணு வாரத்துல அக்கவுண்ட்ல விழுந்துடும்." டாக்டர் வேற கட்டில் பக்கத்துல நின்னு, "நம்ம ஊர்க்காரங்க, நான் பாத்துக்கறேன்மா"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சேலம் பஸ் ஏறல. தக்காளி வித்த காசும் மகளிர் குழு கடனுமா சேர்த்து 68,500 கட்டியாச்சு. (அதுல பதினோராயிரத்துச் சொச்சம் கீழ் மருந்துக்கடைக்கு. வெளியில வாங்கிட்டு வர்றோம்னா "தியேட்டர் ஐட்டம் இங்கதான் வாங்கணும்"னு ஒரே பிடி.)

ஆபரேஷன்ல குறை சொல்ல மாட்டேன், தையல் சுத்தமா ஆறிடுச்சு. அறுத்தது பேப்பர்லதான்.

சின்னம்மாவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சே அஞ்சு மாசம்தான் ஆகுது, ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துச் சொன்னாங்க. அட்மிஷன் அன்னிக்கு ட்யூட்டி டாக்டர் கேட்டப்போ இதையேதான் சொன்னாங்க. அவரும் கேஸ் ஷீட்ல (ஆஸ்பத்திரி வச்சிருக்கிற சிகிச்சைக் குறிப்பு) சரியாத்தான் எழுதினார்: 5/12. டாக்டர்களோட சுருக்கெழுத்துல கீழே 12 போட்டா மாசம், 52 போட்டா வாரம், 7 போட்டா நாள். 5/12ன்னா அஞ்சு மாசம். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிச்சவங்களுக்கு அது புரியல, "சர்க்கரை நோய் 5 வருடமாக"ன்னு அடிச்சு வச்சுட்டாங்க. டாக்டரும் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டார். இன்சூரன்ஸ் பேப்பர் பார்க்கிறதே பிழைப்பா இருக்கிற நானும் பில்லை மட்டும் கூட்டிப் பார்த்துட்டு சம்மரியை மடிச்சுப் பையில வச்சேன்.

பாலிசி எடுத்து ரெண்டரை வருஷம். கல்லுக்கான ரெண்டு வருஷக் காத்திருப்பு (அது வரைக்கும் அந்த நோய்க்குப் பணம் தர மாட்டாங்க) முடிஞ்சாச்சு, அதுல சிக்கல் இல்லை. ஆனா சர்க்கரை அஞ்சு வருஷமா இருக்குன்னா பாலிசி எடுக்கும்போதே இருந்திருக்கு, மறைச்சிருக்கீங்கன்னு அர்த்தம். ஒரே வரியில கிளைம் ரிஜெக்ட். பாலிசி 60 மாசம் தொடர்ந்து ஓடியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாத்தான் இந்தக் காரணத்தைச் சொல்லி கிளைமை மறுக்க முடியும். நமக்கு அதுல பாதிதான் ஓடியிருக்கு.

இதைச் சரி பண்றது பத்து நிமிஷ வேலை. லெட்டர்ஹெட்ல "தட்டச்சுப் பிழை, 5 மாதம் என்பதே சரி"ன்னு ஒரு கடிதம், டாக்டர் கையெழுத்து, பதிவு எண் சீல், கூடவே அட்மிஷன் அன்னிக்கு எழுதின கேஸ் ஷீட் பக்கத்தோட அட்டெஸ்ட் பண்ணின நகல். இந்த நகல்தான் உயிர். வெறும் கடிதத்தை இன்சூரன்ஸ்காரன் நம்ப மாட்டான், நோயாளிக்காக ஆஸ்பத்திரி வளைஞ்சு கொடுத்திருக்குன்னு எழுதிடுவான். ஆபரேஷனுக்கு முன்னாடியே பேனாவால எழுதின அந்த 5/12 இருந்தாத்தான் 68,500 திரும்பும்.

அந்த ஒரு தாளுக்குத்தான் இந்த நாய் அலைச்சல். முதல் தடவை: "ரெக்கார்டு பாக்குற பொண்ணு லீவு, திங்கக்கிழமை வாங்க." திங்கக்கிழமை: "சார் தியேட்டர்ல இருக்கார்." மதியம் மூணு மணி வரைக்கும் பெஞ்சுல உக்காந்தா, சார் பின்வாசல் வழியா கார் ஏறிப் போயிட்டார். மூணாவது தடவை: "கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியோட சொத்துங்க, கான்ஃபிடென்ஷியல், வெளிய தர மாட்டோம்." நாலாவது தடவை: "கோர்ட் ஆர்டர் இருக்கா?" அஞ்சாவது தடவை ஒரு துண்டுச்சீட்டுல "டைப்பிங் மிஸ்டேக்"னு எழுதிக் கொடுத்தாங்க. தேதி இல்லை, சீல் இல்லை, யார் எழுதினதுன்னே இல்லை. அதுக்கப்புறம் என் நம்பரை எடுக்கறதே இல்லை.

கான்ஃபிடென்ஷியலாம்! டிஸ்சார்ஜாகி நாலாம் நாள் சின்னம்மா போனுக்கு ஒரு கால். "ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருக்கீங்கம்மா? மூணு மாசச் சர்க்கரை 9.4 இருக்காமே, எங்ககிட்ட ஒரு மூலிகைப் பவுடர்..." 9.4ங்கறது சின்னம்மாவோட மூணு மாசச் சராசரி சர்க்கரை டெஸ்ட்ல (HbA1c) வந்த அதே நம்பர். அந்த ரிப்போர்ட்டை வீட்ல யாரும் யாருக்கும் காட்டல, ஃபைல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரல. ரிசப்ஷன்ல ஒரு நீள நோட்டு எப்பவும் திறந்தே கிடக்கும்: பேர், ஊர், செல் நம்பர், என்ன தொந்தரவு. வரிசையில நிக்கிற எவன் வேணா போட்டோ எடுக்கலாம். நோயாளி கேட்டா ரகசியம், பவுடர் விக்கிறவன் கேட்டா இல்லை போல.

விதி என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிமுறைகள்தான் இன்னிக்கும் அமல்ல இருக்கு. 2023ல வந்த புது விதியை அதே மாசம் நிறுத்தி வச்சுட்டாங்க. படுக்கை நோயாளியோட ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச நாள்ல இருந்து 3 வருஷம் வச்சிருக்கணும். நோயாளியோ அவர் அனுமதிச்ச ஆளோ கேட்டா, கேட்டதுக்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துல தரணும். தர மறுத்தா அது தொழில்முறைத் தவறுன்னு அதே விதியில இருக்கு. கோர்ட் ஆர்டர் தேவையே இல்லை. தாள் அவங்க சொத்தா இருக்கட்டும், நகல் நம்ம உரிமை. ரகசியத்துக்கும் விதி இருக்கு: கோர்ட் உத்தரவு, குறிப்பிட்ட ஒருத்தருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், இந்த மூணுக்குத்தான் டாக்டர் வாய் திறக்கலாம். இன்சூரன்ஸ் படிவத்துல நாம போடுற சம்மதம் இன்சூரன்ஸ்காரனுக்கு மட்டும்தான். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல வகுத்த நோயாளி உரிமைப் பட்டியல்லயும் ரெக்கார்டு, ரகசியம், மருந்தை எங்க வேணா வாங்கற உரிமை மூணுமே இருக்கு.

நாங்க செஞ்ச தப்பு, அஞ்சு தடவையும் வாயால கேட்டது. வாயால கேட்டா 72 மணி நேரம் ஓட ஆரம்பிச்சதுக்கு அத்தாட்சியே இல்லை. எழுதிக் கேளுங்க. நோயாளி பேர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, போன தேதி. "எல்லா ரெக்கார்டும்"னு பொதுவா எழுதினா சம்மரியோட ஜெராக்ஸைக் கையில திணிப்பாங்க. தனித்தனியா எழுதணும்: அட்மிஷன் பக்கம், ஹிஸ்டரி எழுதின பக்கம், டாக்டர் தினக்குறிப்பு, நர்ஸ் சார்ட், சம்மதப் படிவம், மயக்க மருந்து ரெக்கார்டு, ஆபரேஷன் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், எடுத்த பித்தப்பையோட பயாப்சி ரிப்போர்ட். நோயாளி கையெழுத்து இல்லைன்னா கைநாட்டு. வேற ஆள் போனா அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும். ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல், தேதி, நேரம் வாங்குங்க. சீல் போட மறுத்தா அன்னிக்கே ஸ்பீடு போஸ்ட், ரசீது பத்திரம்.

தள்ளிப்போட விடாதீங்க. லேட்டா வர்ற கேஸ் ஷீட் பல சமயம் உக்காந்து புதுசா எழுதினது. மூணு நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நாலு மணிக்கு ஒரு தடவை பல்ஸ் 82, 82, 82. அந்த மாதிரி ஷீட் போனா கிளைம் இன்னும் மோசமாச் சிக்கும்.

இது பத்தி விரிவா ஒரு லிஸ்ட் போடலாம்னு ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்லை. சுருக்கமா: டிஸ்சார்ஜ் அன்னிக்கு சம்மரியில நோய் எத்தனை நாளா இருக்குங்கற வரியை விரல் வச்சுப் படிங்க, தப்பா இருந்தா பாக்கிப் பணம் கட்டறதுக்கு முன்னாடியே திருத்தி வாங்குங்க. எஸ்டிமேட் சீட்டை பில்லுன்னு வாங்காதீங்க, நம்பர் போட்ட பில்லும் ரசீதும் வேணும். டாக்டர் மேல புகார்னா தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், ஆஸ்பத்திரி மேலன்னா மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். கட்டின பணத்துக்கு நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இன்சூரன்ஸ்காரன் மேலன்னா முதல்ல அவங்க குறைதீர்ப்புப் பிரிவு, ஒரு மாசம் பார்த்துட்டு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்), ஒரு வருஷத்துக்குள்ள, அதுவும் இலவசம்.

எங்க கடிதம் நேத்து மதியம் 12.20க்கு அங்க சேர்ந்துடுச்சுன்னு டிராக்கிங்ல காட்டுது. 68,500 ரூபாய்க்கு இப்ப கையில இருக்கிறது அந்த ஸ்பீடு போஸ்ட் ரசீதுதான். ஆஸ்பத்திரியில இருந்து இதுவரைக்கும் ஒரு போன் இல்லை. பவுடர்காரன் மட்டும் இன்னிக்குக் காலையிலயும் கூப்பிட்டான்.