மியாட்டாவில் டர்போ: நாலே நாலு நட்டு

மாஸ்டாவின் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மியாட்டாவின் 1.6 லிட்டர் மாடலுக்கு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 116 குதிரைத்திறன் எவ்வளவாக ஏறும் என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. அதற்கு ஒரு வரி போதும்: 8 பிஎஸ்ஐ பூஸ்டிலேயே (டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) அது வேறு கார். மேட்டில் கியர் குறைக்காமல் மூன்றாவதிலேயே இழுத்துக்கொண்டு போகிற சுகம் பழகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப மனசு வராது.

ஆனால் நான் எழுத வந்தது நாலு நட்டைப் பற்றி.

டர்போவை மெனிஃபோல்டோடு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாய்) பிடித்திருக்கும் டி25 அளவு ஃபிளேஞ்சில், அதாவது இணைப்புத் தட்டில், நாலு எம்8 ஸ்டட் (8 மி.மீ. மரைத் தண்டு). டர்போ கிட்டோடு வருபவை பெரும்பாலும் சாதா ஸ்டெயின்லெஸ். சூட்டில் அது வார்ப்பிரும்பைவிட அதிகம் நீளும். நீண்டால் பிடி தளரும். ரேஸ் டிராக்கில் 20 நிமிடம் விடாமல் ஓட்டினால் போதும், நட்டு தானாகக் கழன்று வரும். முதல் அறிகுறி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் டிக் டிக் சத்தம். இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுவதால் டேப்பெட் சத்தம் என்று ஏமாந்துபோவோம். ஃபிளேஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பூஸ்ட் தாமதமாக ஏறும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போவதால் ஐடிலில் வைட்பேண்ட் மீட்டர் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று காட்டும். கம்ப்யூட்டரில் உள்ள பெட்ரோல் அட்டவணையைக் குறை சொல்லி ஒரு வாரம் வீணாகும்.

லாக்டைட் (மரைப் பசை) போடாதீர்கள், அந்தச் சூட்டில் எரிந்து போகும். ஸ்பிரிங் வாஷரும் வேண்டாம், விறைப்பு செத்துவிடும். உண்மையில் வேலை செய்வது இது: ஃபிளேஞ்ச் இரண்டையும் மெஷின் ஷாப்பில் சமதளமாகச் சீவி, துளைகளை எம்10 ஆக்கி, இன்கோனல் 718 (சூடு தாங்கும் நிக்கல் கலவை) ஸ்டட் போட வேண்டும். நார்ட்-லாக் மாதிரி ஆப்பு வாஷர், உலோக லாக் நட்டு. நைலான் வைத்த நட்டு உருகும். இதெல்லாம் செய்தும் கழன்றால் குற்றம் சைலன்சர் குழாயின் எடை. டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பைக் கியர்பாக்ஸோடு ஒரு பிராக்கெட்டில் பிடித்து, அதற்குப் பின்னால் வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்று வையுங்கள். இந்தப் பிராக்கெட்டை மட்டும் பல கிட்டுகளில் தருவதில்லை. ஏனென்று கேட்டால் எரிச்சல்தான் வரும்.

மற்றவை சுருக்கமாக. காரோடு வந்த இன்ஜின் கம்ப்யூட்டருக்கு பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. மெகாஸ்குர்ட் என்ற மாற்றுக் கம்ப்யூட்டர் போட்டு, காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சர் வைத்து, ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றிவிடலாம். 550 சிசி இன்ஜெக்டர் தாராளம். கம்ப்ரஷன் 9.4, கலிஃபோர்னியாவின் 91 ஆக்டேனில் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் ஒரு டிகிரி இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னுக்கு இழுங்கள். (அங்கே காற்று மாசைக் கட்டுப்படுத்தும் மாநில வாரியமான கார்பின் (CARB) அனுமதி எண் இல்லாத கிட் புகைச் சோதனையில் தேறாது.) டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே, வழியில் எங்கும் மேடு இல்லாமல் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் டர்போ நீலப் புகை விடும். குற்றம் டர்போவில் என்று நினைத்து நல்ல டர்போவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சம்ப்பைக் கழற்றுவது பெரும்பாடு என்பதால் இந்தக் குழாய்க்கான துளையை அப்படியே போடுவார்கள். டிரில் பிட்டில் கிரீஸ் தடவுங்கள், துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயம் தனி. மாஸ்டா 323 காரில் குறுக்காக உட்கார்ந்த இன்ஜின் இது. அங்கே தண்ணீர் ஹெட்டின் பின்பக்கம் வழியாக வெளியேறும். மியாட்டாவில் அந்த வாயை முன்னால் கொண்டுவந்துவிட்டதால் நாலாவது சிலிண்டர்தான் அதிகம் வேகும். டர்போ போட்டால் ரீரூட், அதாவது தண்ணீர் வெளியேறும் வாயை மறுபடி பின்னுக்கு மாற்றுவது, கட்டாயம். பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள டிஃபரன்ஷியலும் சின்னது, அதன் பெரிய பல்சக்கரம் 6 அங்குலம். 1994 மாடல் முதல் வந்த 1.8இன் 7 அங்குலத்துக்கு மாற்றினால் டிரைவ் ஷாஃப்ட், ஆக்ஸில் எல்லாம் சேர்த்தே மாறும்.

இவ்வளவு செலவையும் கூட்டிப் பார்த்தால், நண்பருக்கு என் பதில்: போடாதீங்க, நல்ல 1.8 ஒன்றாகப் பார்த்து வாங்குங்க. என் காரிலிருந்து டர்போவைக் கழற்றுவீர்களா என்று மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. நான் சொல்வதைக் கேட்காமல் போட்டே தீருவேன் என்றால், ஸ்பானர் ஒன்றைப் பாதியாக வெட்டி டிக்கியில் போட்டு வையுங்கள். அந்த நாலாவது நட்டுக்கு முழு ஸ்பானர் போகாது.