ஆறு வருடம், பதினோரு தடவை: ஒரு கடற்கரை ஹோட்டலில் தங்கிய கணக்கு

ஹோட்டல் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு இரவு தங்கிவிட்டு மூன்றாம் நாள் எழுதிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதியிருப்பேன். லாபி உயரம், குளிர்ந்த துண்டு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீலமாகக் கடல். அதில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் ஆறு வருடத்தில் அதே ஹோட்டலுக்குப் பதினோரு தடவை போய், மொத்தம் எழுபது இரவுக்கு மேல் தங்கியாகிவிட்டது. முதல் இரண்டு தடவை ஆபீஸ் செலவு, மற்றதெல்லாம் சொந்தக் காசு. பெயர் சொல்லப் போவதில்லை. புகார்களும் வரும், அவற்றில் பாதி வெப்பமான ஊரில் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் எந்த ஹோட்டலுக்கும் பொருந்தும்.

மூன்றாவது தடவை பதினாறு நாள் தொடர்ந்து தங்கினேன். அப்போதுதான் கண் திறந்தது. நாலாம் நாள் காலை பால்கனிக் கதவு நகர மறுத்தது. தள்ளினால் கரகரவென்று சத்தம், பாதி தூரத்தில் நின்றுவிட்டது. பராமரிப்பு ஆள் ஒருவர் வந்தார். கையில் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு சிலிகான் ஸ்ப்ரே. கதவோடும் தடத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுத்தார், தண்ணீர் விட்டுக் கழுவினார், துடைத்துக் காயவைத்து ஸ்ப்ரே அடித்தார். எண்ணெய் விடக்கூடாதா என்று கேட்டேன். எண்ணெய் விட்டால் மணலும் உப்பும் அதில் ஒட்டிச் சாந்து மாதிரி ஆகிவிடுமாம். கடல் பக்கத்து அறைகள் எல்லாவற்றிலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதே வேலையாம். அன்றிலிருந்து நான் அந்த ஹோட்டலில் சரவிளக்கைப் பார்ப்பதில்லை, கதவுத் தடத்தைப் பார்க்கிறேன்.

கடற்கரை ஹோட்டலுக்கு நிஜமான எதிரி உப்புதான். அலை உடையும்போது நுரைக் குமிழ்கள் வெடித்துப் பொடிப்பொடித் துளிகளைக் காற்றில் தெறிக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு காற்றோடு வந்து சுவரில், கண்ணாடியில், ஆணியில் உட்காரும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி தானாகவே நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் இரும்பின் மேல் மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். சாதாரண எவர்சில்வர் கம்பிகூட டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி போடும். மாலிப்டினம் கலந்த 316 ரக ஸ்டீல் அதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். எந்த ரகத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதிலேயே கட்டியவர் எத்தனை வருடத்தை மனதில் வைத்துக் கட்டினார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சரி, அறைக்கு வருவோம். முன்பதிவில் ‘சீ வியூ’ என்ற வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது இரண்டாவது தடவை. பால்கனியின் ஓரத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இடது பக்கம் திருப்பினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் கடல் தெரிந்தது. அதுவும் வியூதானே! ‘சீ ஃபேசிங்’ என்று போட்டிருந்தால் பொதுவாக அறை கடலைப் பார்த்திருக்கும். ‘பார்ஷியல்’ என்று எங்காவது சின்ன எழுத்தில் இருந்தால் கழுத்துவலி நிச்சயம். நட்சத்திரத்தையும் ரொம்ப நம்ப வேண்டாம். உலகம் முழுக்கப் பொதுவான ஒரே நட்சத்திர அளவுகோல் கிடையாது, நாட்டுக்கு நாடு விதி வேறு.

என் கணக்கில் ஹோட்டல் எது என்பதைவிட அறை எது என்பதுதான் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் மாடியில் இருந்தபோது நீச்சல் குளத்து பாரின் பாட்டும் சமையலறைப் புகைபோக்கியின் உறுமலும் பதினொரு மணி வரை ஓயவில்லை. மேல் மாடியில் கண்ணாடிக் கதவின் இடுக்கில் காற்று விசில் அடித்தது. ஐந்தாம் மாடி சரியாக இருந்தது. லிஃப்டை விட்டுத் தள்ளி, பக்கத்து அறைக்கு நடுக்கதவு இல்லாத அறையாகக் கேட்டு வாங்கினேன். குடும்பங்கள் சேர்ந்து தங்க வைத்திருக்கும் அந்த நடுக்கதவு வழியாகப் பக்கத்து அறைக்காரர் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். நாலாவது தடவையிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே ஐந்தாம் மாடி அறையைத்தான் கேட்கிறேன், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரே குறை, அது கிழக்குப் பார்த்த அறை. ஆறு மணிக்கு முன்பே திரைச்சீலையின் நடுப்பிளவு வழியாக வெயில் ஒரு கோடாக வந்து முகத்தில் விழும். கால்சட்டை மாட்டும் ஹேங்கரில் கிளிப் இருக்குமே, அதை எடுத்துத் திரையின் இரு ஓரங்களையும் சேர்த்துக் கவ்வ வைத்தால் தீர்ந்தது. இதைச் சொல்லிக்கொடுத்தது ஹோட்டல்காரர்கள் இல்லை, என் மகள்.

ஏ.சி. விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஏ.சி. திடீர் திடீரென்று நிற்கிறது என்று மூன்று முறை ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை வந்த பையன் ஒன்றும் பேசாமல் நடந்துபோய், நான் அலைச் சத்தத்துக்காக விரலளவு திறந்து வைத்திருந்த பால்கனிக் கதவை மெதுவாகச் சாத்தினான். ஏ.சி. ஓட ஆரம்பித்தது. கதவில் சென்சாராம். அன்று எரிச்சலாக இருந்தது, இப்போது புரிகிறது. வெளியே இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குள் வந்தால் கண்ணாடி, தரை, சுவர் எல்லாம் வியர்த்துவிடும். மார்பிள் தரையில் வழுக்கி விழலாம், சுவரில் பூஞ்சை பிடிக்கலாம். கேமராவைக் குளிர் அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்வதும் இதனால்தான். பைக்குள் மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். சூரிய உதயம் காத்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆளில்லாத அறைகளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏ.சி.யை முழுதாக அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு தடவை மூக்கால் அறிந்தேன். அலமாரியைத் திறந்ததும் நனைந்த துணியின் வாடை. வாசனைத் தெளிப்பான் கொண்டுவந்து அடித்தார்கள், வாடையும் வாசனையும் சேர்ந்து இன்னும் மோசமாகிவிட்டது. அறையை மாற்றித்தரச் சொன்னேன். அதற்கு ஒன்றரை மணி நேரம் லாபியில் உட்கார வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு அது அதிகம்.

கடலைப் பற்றி யாரும் முன்பதிவுப் பக்கத்தில் சொல்வதில்லை. பெரும்பாலான கரைகளில் கடல்மட்டத்தின் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் அலை ஏறும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. முதல் நாள் மாலை நான் சாய்நாற்காலி போட்டுப் படுத்திருந்த அகலமான மணல்வெளி, நாலு நாள் கழித்து அதே நேரத்தில் பாதியாகிவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். கரையில் நடக்கத்தான் போகிறோம் என்றால் அறை விலையோடு அலை நேரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

அப்புறம் கொடி. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இருந்தால் அந்த எல்லைக்குள் காவலர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், சிவப்பு என்றால் இறங்காதே. ஒரு தடவை ஐந்து நாளில் மூன்று நாள் சிவப்பு. பணம் கட்டி வந்துவிட்டுக் கடலைத் தூரத்திலிருந்து பார்ப்பதா என்று பக்கத்து நாற்காலிக்காரர் பொருமினார். எனக்கும் உள்ளுக்குள் அதே பொருமல்தான். என் மகள், “அப்பா, அந்த இடத்தில் மட்டும் அலையே இல்லையே, அங்கே இறங்கலாமா?” என்று கை காட்டினாள். இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு பட்டை. காவலர் சிரிக்காமல் பதில் சொன்னார்: உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம் அதுதான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி. மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேற வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்ட வேண்டும். அவர் சொன்ன அந்த இரண்டு நிமிடத்துக்கு அந்தப் பயணத்தின் முழுக் கட்டணமும் தகும்.

இன்னொரு தடவை இரவில் கடல் பக்கத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். ஆமைகள் முட்டையிடும் பருவம். குஞ்சுகள் பொரிந்து வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஓடும், ஹோட்டல் விளக்கு எரிந்தால் கடலுக்குப் போக வேண்டியது கார் நிறுத்தத்துக்குப் போய்விடும். இருட்டாக இருக்கிறது என்று சிலர் சண்டை போட்டார்கள். நிர்வாகம் அசையவில்லை. ஆறு வருடத்தில் எனக்கு அந்த நிர்வாகத்தை நிஜமாகவே பிடித்த இரவு அது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை பஃபே மூன்றாம் நாள் வரை திருவிழா, அதற்கப்புறம் முட்டையும் பழமும் காபியும். பத்து மணிக்குக் கடை கட்டுகிறார்கள் என்றால் ஒன்பதே முக்காலுக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

மினிபாரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எட்டாவது தடவை அம்மாவும் வந்திருந்தார். இன்சுலின் வைக்க இடம் வேண்டுமே என்று அந்தக் குட்டி ஃபிரிட்ஜிலிருந்த பாட்டில்களை எடுத்து மேஜையில் அடுக்கிவிட்டு மருந்தை உள்ளே வைத்தேன். உள்ளே சென்சார் இருந்திருக்கிறது. கிளம்பும்போது ஒரு பாட்டில்கூடத் திறக்காமல், எல்லாவற்றையும் குடித்த பில் வந்தது! விளக்கியதும் நீக்கிவிட்டார்கள். ஆனால் பெரிய தப்பு என்னுடையது. இந்த ஃபிரிட்ஜுகளில் பல, சத்தம் வராமல் இருப்பதற்காகவே கம்ப்ரசர் இல்லாத வகை. குளிர்ச்சி சுமார்தான். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இரண்டாம் நாள் கேட்டபோது மருந்துக்கென்று தனி ஃபிரிட்ஜ் ஒன்றை அறைக்கே கொண்டுவந்து வைத்தார்கள், தனிக் கட்டணம் இல்லை. முதல் நாளே கேட்டிருக்கலாம். கார்டில் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகையும் நாம் கிளம்பிய அன்றே திரும்பிவிடாது, சில நாள் ஆகும். நெருக்கடியான கணக்கோடு போகிறவர்கள் அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

ஐந்தாவது வருடம் ஹோட்டலின் பெயர்ப்பலகை மாறியது. கட்டடம் ஒருவருடையது, பெயரும் நிர்வாகமும் இன்னொருவருடையது என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒப்பந்தம் முடிந்தால் பலகை மாறும். துண்டுகள் மாறின, சோப்பின் மணம் மாறியது, எதற்கெடுத்தாலும் ஒரு கியூஆர் கோடு வந்தது. காலையில் நான் வாயைத் திறக்கும் முன்பே சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுவந்து வைக்கும் பெரியவர் அதே இடத்தில் இருந்தார், அதனால் எனக்கு ஹோட்டல் மாறியதாகவே தோன்றவில்லை. ஆனால் கதவுத் தடத்தைக் கழுவ வருகிறவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவதில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டேன். இப்போது புகார் வந்தால் மட்டும்தானாம்.

என் அறைப் பால்கனிக் கைப்பிடியின் இடது கோடிக் காலில் ஓர் அடித்தகடு உண்டு, உள்ளங்கை அகலம். நாலாவது தடவையிலிருந்து அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன், மனைவி கேலி செய்வாள். முதல் படத்தில் பளபளப்பு. அடுத்ததில் ஓரத்தில் ஒரு பழுப்புப் பொட்டு. அதற்கடுத்ததில் பொட்டைச் சுரண்டித் தேய்த்த தடம். இப்படியே பொட்டும் தேய்ப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. பதினோராவது தடவை போனபோது தகட்டில் துருவே இல்லை. வெள்ளை பெயிண்ட், புத்தம் புதிதாக. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பெயிண்ட் பொக்கென்று உள்ளே அமுங்கி, ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

குழந்தைகள் சாயும் கைப்பிடி என்று ரிசப்ஷனில் படத்தைக் காட்டிச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அந்த அறையைப் பூட்டிவிட்டு எங்களை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அடுத்த தடவைக்கு வழக்கமான ஏழு இரவைப் போடவில்லை, மூன்று மட்டும் பதிவு செய்திருக்கிறேன். அறை எண் கேட்கும் இடத்தில் அதே ஐந்தாம் மாடி அறையையே எழுதியிருக்கிறேன்.