போர்த்துகலின் சே-டே-டே: நண்பனோடு போய் வந்த அனுபவம்

சமையலறை வேலை முடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது என் அறை நண்பனை போலீஸ் சோதனை போட்டது. பாக்கெட்டில் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின் இருந்தது. எடை போட்டார்கள், 2 கிராம் சொச்சம். அவன் நேபாளி, வயது 24, என்னை தாஜு என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் மொழியில் அண்ணன். அன்று இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. ரெசிடென்ஸ் கார்டு போச்சு, வேலை போச்சு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரே புலம்பல். எனக்கும் பயம்தான். ஆனால் போலீஸ் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தபோது அதில் கோர்ட் என்ற பேச்சே இல்லை, 'போதைப் பழக்கத்தைத் தவிர்க்கச் செய்யும் கமிஷன்' என்று ஓர் அலுவலகத்தின் முகவரிதான் இருந்தது. இங்கே சுருக்கமாக சே-டே-டே என்பார்கள். மாவட்டத்துக்கு ஒன்று என்று போர்த்துகலின் நிலப்பகுதியில் 18 உண்டு. நாங்கள் போனது எந்த மாவட்டம் என்று மட்டும் சொல்லப் போவதில்லை.

பலர் நினைப்பதுபோல் போர்த்துகலில் போதைப்பொருள் சட்டபூர்வம் இல்லை. விற்றால் ஜெயில்தான். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை மட்டும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2000-ல் வந்த 30-ஆம் எண் சட்டம், 2001 ஜூலை 1 முதல் அமல். அளவு பத்து நாள் உபயோகம், அதாவது ஹஷீஷ் என்றால் 5 கிராம், ஹெராயின் 1 கிராம். 2023-ல் சட்டத்தைத் திருத்தியபின் இந்த அளவு ஒரு அடையாளம் மட்டுமே, கூடுதலாக இருந்தாலும் சொந்த உபயோகம்தான் என்று தெரிந்தால் கமிஷனுக்கே வரும். குற்றப் பதிவில் ஏறாது. இதைப் படித்துச் சொன்ன பிறகுதான் அவன் ஒரு வாய் சாப்பிட்டான்.

காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சாதாரண அலுவலகக் கட்டடம், வாசலில் போலீஸ் இல்லை. முதலில் ஓர் உளவியலாளர் தனி அறையில் முக்கால் மணி நேரம் பேசினார். நான் மொழிபெயர்ப்பு. எப்போதிலிருந்து புகைக்கிறாய், தனியாகவா, கூட்டாளிகளோடா என்று ஆரம்பித்தவர், நடுவில் திடீரென்று "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?" என்று கேட்டார். அவன் நேபாளியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினான். ஒரே அறையில் படுக்கும் எனக்கே அது தெரியாது. அதன்பிறகுதான் கமிஷன் உறுப்பினர்கள் முன்னால் போனோம். சட்டப்படி மூன்று பேர், ஒருவர் சட்டம் படித்தவர், மற்றவர்கள் மருத்துவம், உளவியல், சமூகப் பணி மாதிரித் துறைகளிலிருந்து. கறுப்பு அங்கி கிடையாது, கூண்டு கிடையாது, எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி. மேஜைமேல் ஒரு தண்ணீர் ஜாடி, டிஷ்யூ பெட்டி. முதல் தடவை, அடிமையாகவில்லை என்பதால் வழக்கை நிறுத்திவைத்தார்கள், மறுபடி மாட்டாவிட்டால் அப்படியே மூடிவிடுவார்கள். மாட்டினால் அபராதம் வரலாம். அடிமையானவர்களுக்கு அபராதமே போடுவதில்லை, சிகிச்சைக்குச் சம்மதித்தால் அவர்கள் வழக்கும் நிறுத்திவைக்கப்படும். பணத்தைப் பிடுங்கினால் அவர் அதை எங்கே போய்த் தேடுவார் என்று யோசித்து எழுதிய சட்டம் இது.

இப்படி யோசித்தவர்கள் யார் என்று தேடிப் போனபோதுதான் ஜுவாவ் கோலாவ் என்ற டாக்டரின் கதை தெரிந்தது. தெற்கே அல்கார்வ் பகுதியில் குடும்ப மருத்துவர். காய்ச்சல், ரத்தக் கொதிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் 1980களில் ஹெராயின் பழகிய பிள்ளைகளைப் பெற்றோர்கள் கூட்டிவர ஆரம்பித்தார்கள். சிகரெட் லைட்டர் வைத்திருக்கவே லைசென்ஸ் கேட்ட சர்வாதிகாரம் 1974-ல் விழுந்து நாடு சட்டென்று திறந்துகொண்டது, போதையைப் பற்றி யாருக்கும் எந்த அறிவும் இல்லை, அந்த இடைவெளியில் ஹெராயின் புகுந்துவிட்டது. ஒரு கோடி ஜனத்தொகையில் சுமார் ஒரு லட்சம் பேருக்கு ஹெராயின் சிக்கல் என்று 90களின் மதிப்பீடு. லிஸ்பனில் கஸால் வென்டோசோ என்ற பேட்டையில் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்காரர் யாரிடம் கேட்டாலும் சொந்தத்தில் ஒருவர் பெயரைச் சொல்வார்கள். மந்திரி வீடு, மீனவர் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் போனதுதான் அரசியல்வாதிகளை அசைத்தது என்று நான் நினைக்கிறேன்.

அல்கார்வில் சிகிச்சை மையம் தொடங்கும் பொறுப்பை ஏற்ற கோலாவ், 1997-ல் நாடு முழுதுக்குமான சிகிச்சை அமைப்புக்குத் தலைவரானார். அடுத்த வருஷம், அந்தோனியோ குத்தேரஸ் பிரதமராக இருந்தபோது, விஞ்ஞானி அலெஷாந்த்ரே கின்டனில்யா தலைமையில் ஒன்பது பேர் குழு போட்டார்கள். அதில் கோலாவும் ஒருவர். அடிமைத்தனம் ஒரு நோய், நோயாளியை ஜெயிலில் போடுவது தவறு என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் நாங்கள் உட்கார்ந்த அந்த மேஜை வந்தது. 2005-லிருந்து பல வருஷம் அவரே தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்தார், இடதுசாரி ஆட்சி போய் வலதுசாரி ஆட்சி வந்தபோதும் அதே நாற்காலியில் அதே வேலை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது, சட்டத்தை மாற்றியதால் மட்டும் இது நடக்கவில்லை, ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்து வண்டி, ஊசி மாற்றித் தருவது, சிகிச்சைப் படுக்கை எல்லாம் சேர்ந்துதான் பலன் என்று விடாமல் சொல்லிவந்தது. ஊசி போடுபவர்களிடையே புதிய எச்.ஐ.வி தொற்று 2001-ல் 1,016, 2012-ல் 56.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2021-ல் இதையே செய்யப் பார்த்தது. அங்கே போலீஸ் 100 டாலர் அபராதச் சீட்டு கொடுக்கும், ஒரு நம்பருக்குப் போன் செய்தால் ரத்து. கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு, 2024-ல் வைத்திருப்பதை மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். அந்தச் சீட்டு யாரிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்காது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். தூக்கப் பிரச்சினைக்காக அவனை ஒரு சிகிச்சை மையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கே தேதி கிடைக்க ஏழு வாரம். இரண்டு தடவை போன் செய்தேன், மூன்றாவது தடவை நேரில் போய் நின்றேன். நிஜமாகவே முற்றிய நிலையில் இருப்பவர் ஏழு வாரம் காத்திருப்பாரா? இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2012-ல் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் போதை சிகிச்சைக்கென்றே இருந்த தேசிய நிறுவனத்தைக் கலைத்து, மையங்களைப் பிராந்திய சுகாதார நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அனுப்புகிறவர் ஒருவர், ஏற்றுக்கொள்கிறவர் வேறொருவர் என்று ஆனது. மறுபடி ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது 2024 ஜனவரியில்தான். அதற்குள் போர்ட்டோ நகரத்தில் தெருவில் ஊசி போடுவது கூடிப்போய், பொது இடத்தில் உபயோகிப்பதை மீண்டும் குற்றமாக்கச் சொல்லி 2023-ல் மேயரே பேசினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஊசி கிடந்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? ஆனால் பணத்தை வெட்டிவிட்டு சட்டத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

இன்னொன்று மொழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தோம், அன்று யாரும் வரவில்லை. நான் இல்லாவிட்டால் அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருப்பான், அந்த மூன்று விரல் விஷயம் வெளியே வந்தே இருக்காது.

பேசிய விதத்துக்கு 5-க்கு 5, அதற்குப் பிறகான காத்திருப்புக்கு 2 கொடுப்பேன். உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ அந்தத் தாள் வந்தால் பயந்துபோய் ஒளித்து வைக்காதீர்கள், குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள், பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கையில் இருக்கட்டும், மொழி தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சிகிச்சை மையத்துக்கு எழுதிக் கொடுத்தால் கடிதம் வரும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே நேரில் போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு இப்போது மாதம் ஒரு தடவை கவுன்சலிங். நேற்று ராத்திரி நான் வேலை முடிந்து வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான்.