மானியம், கடன், வர்த்தகம்: இந்தியாவிடம் இலங்கை எதை அழுத்திக் கேட்க வேண்டும்?

இந்தியா இலங்கைக்கு உதவுகிறது என்று பேசும்போது மூன்று வேறு வேறு ஏற்பாடுகளை ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். திருப்பித் தர வேண்டாத மானியம் ஒன்று. இந்தியாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாக வரும் கடனுதவி இன்னொன்று. 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கை மூன்றாவது. இவற்றை ஒப்பிட எனக்கு ஒரு கேள்வி போதும்: கடைசியில் டாலரை யார் கொண்டுவருவது?

மானியத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அதனால்தான் வீடும் மருத்துவமும் மானியமாகவே வர வேண்டும் என்கிறேன். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கான திட்டத்தில், பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாக உரியவரின் வங்கிக் கணக்குக்கே போனது. வீட்டை அவர்களே கட்டினார்கள். பொருள் விலை ஏறியதால் நகையை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் உண்டு. தொகை போதவில்லை என்பது நியாயமான குறை. ஆனாலும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்காமல் குடும்பத்தின் கையில் கொடுத்தது மிகச் சரியான முடிவு. 1990 என்ற எண்ணில் அழைக்கும், 2016-இல் தொடங்கிய ஆம்புலன்ஸ் சேவையும் அப்படித்தான்: வண்டிகள் மானியத்தில் வந்தன, பிறகு ஓட்டும் செலவை இலங்கை ஏற்றது. ஒன்றை மறக்கக் கூடாது. மானியத்தின் அளவையும் நேரத்தையும் தருபவர்தான் முடிவு செய்கிறார்.

கடனுதவியால்தான் பெரிய வேலைகள் நடந்தன. 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு நின்றுபோன ரயில் 2014 அக்டோபரில் திரும்ப வந்தது இந்தியக் கடனில். தண்டவாளம் போட்டது இந்திய அரசு நிறுவனமான இர்கான். இப்படிப்பட்ட கடன்களில் பொருள், சேவைகளில் பெரும் பங்கை இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பது பொது விதி. சந்தைக் கடனைவிட வட்டி குறைவு என்பதால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு. ரயில் டிக்கெட் ரூபாயில் விற்கிறது, தவணை டாலரில் போகிறது. ரயில் நிறைந்து ஓடினாலும் அது ஒரு டாலரைக்கூட நேராக ஈட்டாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது இந்தியக் கடன்களும் மறுசீரமைப்புப் பேச்சுக்கு வர வேண்டியதாயிற்று. வடக்கின் காங்கேசன்துறைத் துறைமுகத் திட்டம் கடனில் தொடங்கி, பிறகு மானியமாக மாறியது. அதை மாற்ற நெருக்கடி வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

சரி, டாலர் வரும் வழி வர்த்தகம்தான். ஆனால் எந்த வர்த்தகம்? உடன்படிக்கைக்கு முன் இந்தியாவுக்கான ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர். 2005-இல் அது 50 கோடியைத் தாண்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே பார்த்தால் பெரும்பகுதி செம்பும் வனஸ்பதியும். அப்போது இலங்கையில் மூலப்பொருளுக்கு வரி குறைவு, இந்தியாவில் அதிகம்; இலங்கையில் பொருளாக்கி உடன்படிக்கைச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பினால் லாபம். அந்த இடைவெளிக்காகவே ஆலைகள் முளைத்தன. இந்தியா வனஸ்பதிக்கு உச்சவரம்பு வைத்து, பாமாயில் வரியையும் குறைத்ததும் வனஸ்பதி ஆலைகள் மூடப்பட்டன. அங்கே நிலையான வேலையும் இல்லை, உள்ளூர் விவசாயிக்குப் பங்கும் இல்லை.

மிளகு அப்படியல்ல. அது மாத்தளை, கண்டிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரரின் கைப்பணம், அதற்குப் பெரிய சந்தை இந்தியா. உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை. அப்புறம் 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது; அதைவிட மலிவான மிளகு உள்ளே வர முடியாது. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் உள்ளே வருகிறது என்ற கேரள, கர்நாடக விவசாயிகளின் புகார் வெறும் சாக்கு அல்ல. அவர்களும் சிறு விவசாயிகள்தான். ஆனால் வழிமாற்றி விற்ற வியாபாரியோடு சேர்த்து, உண்மையாக விளைவித்தவரையும் அந்த விலை தடுத்தது.

அதனால் புதிய கடனைவிட, சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் மூலச் சான்றிதழை இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து தோட்டத்திலிருந்தே சரிபார்க்கும் ஏற்பாட்டையே இலங்கை முதலில் கேட்க வேண்டும் என்பது என் முடிவு. வியட்நாம் சரக்கு அதில் பிடிபடும், மாத்தளை மிளகுக்கு வழி திறக்கும். 2023-இல் மீண்டும் தொடங்கிய பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைப் பேச்சில் இதைத் தனி அத்தியாயமாகவே வைக்கலாம். செலவு பெரிதல்ல, ஆய்வுக்கூடமும் கணினிப் பதிவும் மானியத்திலேயே வந்துவிடும்.