சர்ஜரி பி.ஜி.க்களுக்கு: ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டும் முன் பெட்டி எத்தனை என்று கேளுங்கள்

கோவை அவினாசி சாலையில், நீலாம்பூர் தாண்டி ஒரு மண்டபத்தில், அறுவை சிகிச்சை முதுநிலை மாணவர்களுக்கென்று இரண்டு நாள் மாநாடு நடந்தது. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கமிருந்து பி.ஜி.க்கள் நிறையப் பேர் போயிருந்தோம். காசும் போச்சு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவும் போச்சு. நடத்தியவர்கள் பெயரை நான் இங்கே போடவில்லை. பெயரை அவர்கள் வருடத்துக்கு ஒன்று மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

சின்னத் துளை வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை என்றால் கோயம்புத்தூர் என்று ஊருக்கே ஒரு பெயர் உண்டு. டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்கள் பல வருட உழைப்பில் வாங்கித் தந்த பெயர் அது. வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் சர்ஜன்கள் இங்கே கற்றுக்கொள்ள வருகிறார்கள். அந்தப் பெயரைத்தான் இவர்கள் விற்றார்கள். மாநாட்டுக் கட்டணம் 6,500 ரூபாய். கருவியைக் கையில் பிடித்துப் பழகும் ஹேண்ட்ஸ் ஆன் ஒர்க்‌ஷாப்புக்குத் தனியாக 5,500. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 14,160 ரூபாய். 'ஒவ்வொருவருக்கும் தனிக் கவனம்' என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப் ஹாலில் இருந்தது நாலே நாலு பயிற்சிப் பெட்டி. கருவியை உள்ளே விட்டு, கேமரா காட்டும் திரையைப் பார்த்தே லேப்ராஸ்கோப்பி பழகும் பெட்டி அது. பணம் கட்டியவர்கள் 64 பேர். பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து பதினொன்றுக்குத்தான் ஆரம்பித்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு பெட்டி, இரண்டு மணி நேரம், மொத்தம் 480 நிமிடம். ஒரு ஆளுக்கு ஏழரை நிமிடம். அதிலும் ஒரு பெட்டியின் கேமரா பாதியில் உயிரை விட்டது. இன்னொன்றில் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரின் பூட்டு பிடிக்கவே இல்லை, ஊசி உள்ளே தட்டாமாலை சுற்றியது.

ஏழரை நிமிடம் ஏன் ஒன்றுக்கும் ஆகாது என்று சர்ஜரி படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எஃப்.எல்.எஸ். என்று அமெரிக்காவில் ஒரு லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் தேர்வு இருக்கிறது. உலகம் முழுக்கப் பயிற்சிப் பெட்டிகளில் பழகுவது பெரும்பாலும் அதன் ஐந்து வேலைகளைத்தான். முதல் வேலை, ஆறு சின்ன வளையங்களைப் பழக்கமில்லாத கையால் எடுத்து, அந்தரத்திலேயே மற்றக் கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்டி, மறுபடி அதேபோலத் திருப்பிக் கொண்டுவருவது. இதற்கே ஐந்து நிமிடம் வரை கொடுக்கிறார்கள். பென்ரோஸ் டிரெயின் என்ற மெல்லிய ரப்பர் குழாயில் குறித்த இரண்டு புள்ளி வழியாக ஊசியை ஏற்றி, உள்ளேயே மூன்று முடிச்சுப் போடும் கடைசி வேலைக்குப் பத்து நிமிடம். இது பழகிவிட்டுத் தேர்வுக்கு வருகிறவனுக்கு வைத்த வரம்பு. முதல் தடவை கருவியைத் தொடுகிறவனுக்கு திரையில் தெரியும் ஆழத்தைக் கண் பிடிக்கவே ஏழரை நிமிடம் போதாது. ஒரு பெட்டிக்கு மூன்று பேர், அதிகம் போனால் நாலு பேர் என்று வைத்து நடத்துகிற ஒர்க்‌ஷாப் உண்டு. அங்கே கூட்டம் குறைவு, கட்டணம் கூடுதல், அது நியாயம்.

அப்புறம் குடல் தையல். ஆட்டுக்குடலில் அனஸ்டமோசிஸ், அதாவது வெட்டிய இரண்டு முனையைச் சேர்த்துத் தைப்பது, என்று போட்டிருந்தார்கள். காலையில் கசாப்புக் கடையில் வாங்கி, அலசி, ஐஸில் வைத்தால் நல்ல திசுதான். இங்கே முந்தின நாளே வாங்கி, ஐஸ் இல்லாமல் பிளாஸ்டிக் வாளியில் கிடந்தது. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டூட்டியில் பார்க்காததா. ஆனால் திசு கொழகொழத்துப் போய், நூலை இழுக்க இழுக்க அறுத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு இறுக்கினால் குடல் தாங்கும் என்ற கைப்பதம்தான் அந்தப் பயிற்சியின் உயிர். அது அங்கே கிடைக்க வழியே இல்லை. (நூல் காலாவதியானது என்று சிலர் சண்டை பிடித்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், பயிற்சிக்கு எங்கும் அதுதான் வரும்.) நூலுக்குப் பதில் பின் அடித்துக் குடலை இணைக்கும் ஸ்டேப்ளரைக் கம்பெனிப் பையன் கையிலேயே வைத்திருந்தான். "குடுத்தா கார்ட்ரிட்ஜ் தீந்துருமுங்க டாக்டர், பாத்துக்கோங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குக் கொடுத்ததே இரண்டுதான்.

சாப்பாட்டுக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிபாளையம் சிக்கனும் ஒப்புட்டும் பிரமாதம். பணம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

நோட்டீஸில் படம் போட்டிருந்த பேராசிரியர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒருவரை எங்கள் யூனிட் சாருக்கு நன்றாகத் தெரியும். போன் போட்டுக் கேட்டால், "என்னைக் கேக்கவே இல்லையேப்பா" என்கிறார். தங்கள் ஆய்வைப் போஸ்டராக வைத்தவர்கள் பக்கம் நடுவர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் சிறந்த போஸ்டர் என்று கேட்டவருக்கெல்லாம் சான்றிதழ் கிடைத்தது.

இனி முக்கியமான விஷயம், கிரெடிட் ஹவர், அதாவது மருத்துவர் கணக்கில் சேரும் பயிற்சி மணி நேரம். ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. நோட்டீஸில் 'தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் கிரெடிட் ஹவர்' என்று பெரிதாகவும், அடியில் 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று பொடி எழுத்திலும் இருந்தது. சான்றிதழில் அனுமதி எண்ணும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டோம். "அதான் சர்டிபிகேட்டு கையில குடுத்தாச்சுங்களே" என்று சிரித்தார். எங்கள் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) அந்தச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு பயிற்சியைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்துப் போடாமல் தள்ளி வைத்துவிட்டார். விண்ணப்பித்திருக்கிறோம் என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் வந்தபின் பணம் கட்டலாம்.

அந்த ஜி.எஸ்.டி.யும் ஒரு வேடிக்கை. ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை, பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அந்த எண் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 15 இடம் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33 என்று ஆரம்பிக்கும். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று உடனே காட்டும். பதிவு இல்லாதவர் வரி என்று வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு வந்த பதில், "ரீஃபண்ட் எல்லாம் கிடையாதுங்க". மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று பூட்டிவிட்டார்கள். இவர்களுடைய தைரியமே நம்முடைய பயம்தான். சர்ஜரி வட்டம் சின்னது, வாயைத் திறந்தால் நாளைக்கு எக்ஸாமினராக யார் வருவாரோ என்று பி.ஜி. அடங்கிப் போவான் என்பது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் சிலர் சேர்ந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம், கவுன்சிலுக்கும் கடிதம் போயிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உத்தேசம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், சேலத்துக்காரர் கோவைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அங்கே வந்திருந்தவர்கள் நோட்டீஸ், பணம் போன ஸ்கிரீன்ஷாட், ரசீது, சான்றிதழ் நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள், குழுவில் வந்த செய்திகளையும்தான். ஈரோட்டில் அடுத்த மாநாடு என்று ஒரு நோட்டீஸ் இப்போது சுற்றுகிறது. பெயர் புதுசு, தொடர்பு எண் பழசு. ஒர்க்‌ஷாப்புக்கு 80 இடம் என்று போட்டிருக்கிறார்கள். பெட்டி எத்தனை என்று கேட்டு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை.