பி.பி.ஸ்ரீனிவாஸ்: நாற்பது வயதுக்கு மேல் ஒரு மறுகேட்பு

பள்ளிப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடகராக இருந்த பி.பி.ஸ்ரீனிவாஸை, நடுவில் பல ஆண்டுகள் கேட்காமலே விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் கேட்கத் தொடங்கினேன். இத்தனை ஆண்டுகள் கேட்டதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: அது பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டிய குரல், தொலைவில் கேட்டால் அதில் பாதி நமக்கு வந்து சேராது.

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் அந்நாளில் சினிமாப் பாட்டு என்பது பெரும்பாலும் கல்யாண வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான் காதில் விழும். அந்தக் கூம்புக் குழாய் கீழ் ஒலிகளைச் சரியாகக் கடத்தாது. எடுப்பான ஒலிகளை மட்டும் உரக்கத் தள்ளும். அதனால் டி.எம்.சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் ஏரிக்கு அப்பாலும் கணீரென்று கேட்பார்கள். ஸ்ரீனிவாஸோ பந்தலைத் தாண்டமாட்டார். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது, எல்லோரும் உறங்கிய பிறகு அண்ணன் சத்தத்தைக் குறைத்து வைத்த டிரான்சிஸ்டர். பிறகு வேலை, குடும்பம், இளையராஜாவின் கேசட்டுகள் என்று காலம் ஓடிவிட்டது.

2013 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளில் அவர் சென்னையில் காலமானார். அதே ஆண்டு மே மாதத்தில் டி.எம்.எஸ்ஸும், ஜூலையில் கவிஞர் வாலியும் மறைந்தார்கள். அந்தச் சில மாதங்களில் எங்கு பார்த்தாலும் பழைய பாடல்களாகவே ஒலித்துக்கொண்டிருக்க, நானும் கைப்பேசியில் ஸ்ரீனிவாஸைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது 'மயக்கமா கலக்கமா'. 1962இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த பாடல். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊர் திரும்பவிருந்த தம்மை, ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தப் பாட்டுத்தான் தடுத்து நிறுத்தியது என்று வாலியே சொல்லியிருக்கிறார். இளம் வயதில் இதை நான் அறிவுரைப் பாட்டாகவே கேட்டிருந்தேன். இப்போது கேட்டால், ஓரிடத்திலும் அவர் மேலே நின்று புத்தி சொல்லவில்லை என்பது தெரிகிறது. பல்லவியின் கேள்விகளை அழுத்தாமல், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் மெல்ல இறக்கி வைக்கிறார்; அருகில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது. 1966இல் வந்த 'ராமு' படத்தின் 'நிலவே என்னிடம் நெருங்காதே' பாடலில் இந்த அடக்கம் இன்னும் கூடுகிறது. விலகிப் போகச் சொல்கிறவனின் குரலில் கடுமை துளியும் இல்லாததால்தான் அவன் துயரம் நமக்குப் புரிகிறது. சோகத்தை உரக்கப் பாடுவது பெரிய திறமைதான் என்றாலும், அதை அடக்கிப் பாடுவதே அரிது என்று நான் நினைக்கிறேன்.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அறுபதுகளின் பாடல்கள் மோனோவாக, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில், பதிவானவை. ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தாலே எதுவும் குறையாது. பேஸ் எனப்படும் கீழ் ஒலிகளைக் கூட்டும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவருடைய கீழ் ஸ்தாயி வாத்தியங்களோடு கலந்து குழைந்துவிடும். எதிரொலி சேர்த்து, ஸ்டீரியோவாக மாற்றிய பதிப்புகளை நான் ஒதுக்கிவிட்டேன், ஏனெனில் அந்தக் குரலின் அண்மையை அவை முதலில் அழித்துவிடுகின்றன. பேருந்துப் பயணத்துக்கும் இவர் பாடல்கள் ஒத்துவரவில்லை. ஓசூர் நெடுஞ்சாலையின் இரைச்சலில் காதுக்கருவி மாட்டியும் பாதிச் சொற்கள் போய்விடுகின்றன. தொடர்ந்து பத்துப் பதினைந்து பாடல்களைக் கேட்டால் மனம் ஒரே கதியில் தங்கிவிடுவதும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு பாடல்கள் என்பதுதான் எனக்குச் சரியான அளவு.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அவருடைய கன்னடப் பாடல்கள். காக்கிநாடாவில் பிறந்து, தமிழில் ஜெமினி கணேசனின் குரலாகவே அறியப்பட்ட அவர், கன்னடத்தில் ராஜ்குமாருக்கு நெடுங்காலம் பாடியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மாவட்டத்தில் வாழ்ந்தும் இதை நான் தேடிப் போனதில்லை. ஓசூரிலிருக்கும் என் சம்பந்தி வீட்டார், 'கஸ்தூரி நிவாஸா' படத்துக்காக ஜி.கே.வெங்கடேஷ் இசையில் அவர் பாடிய 'ஆடிஸி நோடு' பாடலைப் போட்டுக்காட்டி, வரிக்கு வரி பொருளும் சொன்னார்கள். தமிழில் நாம் அறிந்த அதே நிதானம் அங்கே இன்னும் சற்றுக் கம்பீரத்தோடு ஒலிக்கிறது. அவரைத் தமிழில் மட்டும் கேட்டவர்கள், மொழி தெரியாவிட்டாலும் 1972இல் வந்த 'நாகரஹாவு' படத்தின் 'பாரே பாரே' பாடலிலிருந்து கன்னடப் பக்கத்தைத் தொடங்கலாம்.