‘விருந்தாளி’ விளையாட்டு அறை, இந்திரா நகர்: ஒரு பழைய லேப் டெக்னீஷியன் பார்த்தது

என் தங்கை மகனுக்கு வேலை கிடைத்தது. ட்ரீட் என்று ஹோட்டலுக்குத்தான் கூட்டிப்போவான் என்று நினைத்தேன். "பெரியம்மா, ஒரு எஸ்கேப் ரூம் இருக்கு. புதிரை அவிழ்த்து ஆடுற அறை விளையாட்டு. லேப் கதை. நீங்க வந்தே ஆகணும்" என்றான். 31 வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வார்த்தைக்காகத்தான் போனேன். ஒரு மாதத்தில் இரண்டு தடவை போய்விட்டேன்.

முதலில் போகிற வழி. சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பழைய வீட்டின் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் மெதுவாக ஏறுங்கள், பாதியில் உட்கார ஒரு திண்ணை இருக்கிறது. ஆளுக்கு 700 ரூபாய், 75 நிமிடம், ஒரு ஆட்டத்துக்கு 6 பேர். ஆட்டம் முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. "குற்றவுணர்வு", "உறைநிலை" மாதிரி சொற்களைக்கூட அந்தப் பிள்ளைகள் திக்காமல் பேசுகிறார்கள்.

கதை இதுதான். நீங்கள் ஆறு பேரும் அரசு அதிகாரிகள். நுழைந்ததும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிடுகிறார்கள். தலைமைச் செயலாளர், போலீஸ் கமிஷனர், சுகாதாரத் துறை, குடிநீர் வாரியம், ஆய்வக இயக்குநர், தீயணைப்புத் துறை. எனக்குத் தீயணைப்பு வந்தது. நீளமான மீட்டிங் மேசை, அதன்மேல் சென்னை வரைபடம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கையும் நீல மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். எதிரே கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன ஆய்வகம், தரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு கேன், வெள்ளைத் துணி போர்த்திய உடல். பொம்மைதான். ஆனால் துணிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, காலில் ரப்பர் செருப்பு. இதைச் செய்தவர் ஏதோ ஒரு ஆய்வகத்துக்குள் நின்று பார்த்திருக்கிறார் என்று அந்தச் செருப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மேசையின் தலைமாட்டில் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். பச்சை முகம், கொம்பு எதுவும் கிடையாது. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், சாதாரணப் பருத்திச் சேலை, வெறுங்கால். நம் முன்னால் இருக்கும் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுகிறார். குரலை ஒரு தடவைகூட உயர்த்துவதில்லை. "உங்கள் விஞ்ஞானி என்னோடு பேச மறுத்தார். அவர் மூச்சு நின்றது. காயம் இருக்கிறதா, பாருங்கள். ரத்தம் இருக்கிறதா, பாருங்கள். உங்கள் மருத்துவருக்கு இந்தச் சாவின் பெயர்கூடத் தெரியாது." அப்புறம் ஒரு காகிதத்தை நம் பக்கம் தள்ளுகிறார். செம்பரம்பாக்கம் ஏரியை அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3,645 மில்லியன் கன அடித் தண்ணீர். மறுத்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இதே மாதிரி விழுவார்.

2019 கோடையில் அந்த ஏரி வறண்டு கிடந்தபோது லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவள் நான். விளையாட்டு என்று தெரிந்தும் வயிற்றில் ஏதோ செய்தது. எங்கள் குழுவில் தலைமைச் செயலாளர் அட்டை போட்டிருந்த பையன் பத்தாவது நிமிடத்திலேயே பேனாவை எடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா அப்படி நடிக்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு குளிர்சேமிப்பு அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. பெரிய கேனிலிருந்து சின்ன கேன்களுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றும் வேலை ஒரு அட்டெண்டர் தம்பிக்கு. அப்போது அவனுக்கு 24 வயது. எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்று மாதமாக ரிப்பேர். ஒருநாள் கதவைத் திறந்தேன், தரையில் கிடந்தான். உள்ளே ஓடினேன். மூன்றடி போவதற்குள் என் முட்டியும் மடங்கியது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருந்ததாலும், பின்னால் இன்னொருவர் வந்ததாலும்தான் இரண்டு பேரும் பிழைத்தோம். ரிஜிஸ்டரில் "மயக்கம், காலை உணவு உண்ணவில்லை" என்று எழுதினார்கள். அடுத்த வாரம் எல்லோரையும் உட்காரவைத்து, "இது வெளியே போனால் லேபையே இழுத்து மூடுவார்கள், உங்கள் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு காகிதத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் அந்தப் பையன் பேனா மூடியைத் திறந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கையெழுத்துப் போடாதே கண்ணா, முதல்ல அந்த கேன்ல என்ன மிச்சம் இருக்குன்னு பார்க்கணும்" என்றேன்.

இனி முடிச்சை அவிழ்க்காமல் எழுத முடியாது. போகப்போகிறவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 25 லிட்டர் கேன் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி. ஆய்வகச் சாவி தீயணைப்பு அதிகாரியிடம், அதாவது என்னிடம். ஆனால் நேராகத் திறந்துகொண்டு போனால் சிவப்பு விளக்கு எரியும், நீங்களும் செத்ததாகத் தரையில் படுக்க வேண்டியதுதான். எங்கள் போலீஸ் கமிஷனர் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அப்படித்தான் படுத்தார். இந்த விதியை வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் விழுந்தால், தூக்கிவிட இறங்குகிறவரும் சேர்ந்து போகிற செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். மலக்குழிக்குள் ஆளை இறக்குவதற்கு எதிராக 2013 இல் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் படிக்கிறோம்.

உள்ளே போக, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவைக்க வேண்டும். சுவிட்சின்மேல் "ரிப்பேர்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. மேசை டிராயரில் ஃப்யூஸ் இருக்கிறது, கண்டுபிடித்துப் போட்டால் ஃபேன் சுற்றும். மூன்று நிமிட மணல் கடிகாரம் தீர்ந்த பிறகுதான் கதவு. கேனைத் தூக்கினால் காலி. சுவரில் ஆக்ஸிஜன் மீட்டர், பேட்டரி செத்தது. இனி வெறும் கணக்குதான். அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.7. மொத்தம் 24,000 லிட்டர் காற்றுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் ஆகும். 25 லிட்டரும் கொட்டினால் 17,500. அறையில் இருந்த காற்றில் பாதிக்கு மேல் வெளியே தள்ளப்பட்டிருக்கும். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே மீட்டர் கத்த வேண்டும். 10க்குக் கீழே நினைவு தப்பும். மூச்சு முட்டவும் முட்டாது, ஏனென்றால் நம் உடம்பு பதறுவது கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால்தான். நைட்ரஜன் நிறைந்த அறையில் அது ஏறுவதில்லை. காயம் இல்லை, ரத்தம் இல்லை, திணறிய அடையாளமும் இல்லை. அந்த அம்மா பெயரில்லாத சாவு என்று சொன்னாரே, அதற்குப் பெயர் இருக்கிறது: ஆக்ஸிஜன் பற்றாக்குறை.

காலி கேன், சீட்டு, மீட்டர் மூன்றையும் மேசையில் வைத்து, "அவர் எப்படிச் செத்தார்?" என்று விருந்தாளியைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வெற்றி. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. அவர் வருவதற்கு முந்தைய இரவே விஞ்ஞானி இறந்துவிட்டார். இவர் வந்து பக்கத்தில் நின்று, நான்தான் செய்தேன் என்று சொன்னதோடு சரி. கேள்வி வந்ததும் அந்த நடிகை தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து போகிறார். அத்தனை நேரம் நமக்கு ஊற்றியவர், தாகத்தோடு வந்தவர் என்பது அப்போதுதான் புரிகிறது. நல்ல நடிகை. கல்நெஞ்சுக்காரி மாதிரி ஆரம்பித்து, கடைசியில் பாவப்பட வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது கேரன் வெட்டர்ஹான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி வேதியியலாளர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய நச்சுத் திரவம் ஓரிரு துளி அவர் லேடெக்ஸ் கையுறையில் விழுந்தது. 1997 ஜூனில் இறந்தார். அந்தத் துளி சில நொடிகளில் கையுறையைத் தாண்டிவிடும் என்று சோதித்துப் பார்த்துச் சக விஞ்ஞானிகள் எல்லோருக்கும் எச்சரிக்கை எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொருளைத் தொடும் முறையே மாறியது. அந்தச் செய்தியை நகல் எடுத்து எங்கள் கையுறை அலமாரியில் ஒட்டியிருந்தேன். காரணத்தை வெளியே சொன்ன ஒரு சாவு.

இனி குறைகள். வெளிச்சம் ரொம்பக் குறைவு. ஆட்டத்தில் வரும் ரிஜிஸ்டரின் எழுத்தைப் படிக்க என் தங்கை மகன் ஃபோன் டார்ச் கேட்டான், உள்ளே ஃபோன் கூடாது என்றார்கள். இருபதாவது நிமிடத்திலிருந்து பின்னணியில் ஒரு உறுமல் சத்தம், விருந்தாளி மெதுவாகப் பேசும்போது பாதி காதில் விழுவதில்லை. பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், அந்தக் கால் தூக்கத்தில் வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. ஒரு துப்புச் சீட்டில் "வெள்ளைப் புகை அடங்கிய பிறகு உள்ளே போகலாம்" என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தப் புகை நைட்ரஜன் அல்ல. குளிரில் காற்றின் ஈரம் உறைந்து தெரிவது. நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை. புகை அடங்கியதால் ஆக்ஸிஜன் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஆட்டம் ஆடிய ஒரு கல்லூரிப் பெண் நாளைக்கு நிஜ ஆய்வகத்தில் இதை நம்பிக் கதவைத் திறந்தால்? முடிந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பொறுமையாகச் சொன்னேன். "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள், எழுதியதைத் திருப்பி எனக்கே படித்துக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து என்னோடு ஓய்வு பெற்ற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு மாறியிருந்தது: "புகையைப் பார்க்காதே, மீட்டரைப் பார்." என் வேலைக் காலத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக மூன்று மாதம் எழுதியவள் நான். இவர்கள் பதினான்கு நாளில் மாற்றிவிட்டார்கள். வெளிச்சமும் உறுமலும் அப்படியேதான் இருக்கின்றன. சரி, அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சனி, ஞாயிறு மாலை ஆட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். வரும் சனிக்கிழமை மூன்றாவது தடவையாகப் பதிவு செய்திருக்கிறேன், 4 மணி ஆட்டம். அந்த அட்டெண்டர் தம்பியும் வருகிறான், இப்போது தாம்பரத்தில் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் போகணுமாக்கா?" என்று ஃபோனில் கேட்டான். வேண்டாம், சாவியை மட்டும் நீ வைத்துக்கொள் என்றேன். தீயணைப்பு அட்டையை அவனுக்கே கொடுக்கச் சொல்லி வரவேற்புப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.